எபிசோட் 41: எச்சில் இலையிலிருந்து எரிபொருள்

இந்த எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிச்சது. என் காலேஜ் நண்பன் ஒருத்தன், கெமிக்கல் படிச்சவன், ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கூப்பிட்டு, "மச்சான், ஒரு டெக் அனுப்பியிருக்கேன், பாத்துட்டு சொல்லு"ன்னான். பார்த்தேன். பதினெட்டு ஸ்லைடு. சர்க்கரை ஆலை, சாராய ஆலைக் கழிவுநீரைத் தொட்டியில் விட்டு, பாக்டீரியாவை வைத்து ஹைட்ரஜன் எடுக்கிற திட்டம். ஸ்லைடு 4-ல் கொட்டை எழுத்தில், 'இந்தியாவில் முதன்முறையாக'. கடைசி ஸ்லைடில் எவ்வளவு பணம் வேணும்னு இருந்தது. அதில் ஒரு பங்கை என்கிட்ட கேட்டான். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சேர்த்து வைத்ததில் பாதிக்கு மேல் அது.

நான் கோடு எழுதுறவன். யாராவது 'இது புதுசு'ன்னு சொன்னா முதல்ல பழைய கமிட் வரலாற்றைப் போய்ப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் பார்க்கப் போய், மூணு வாரம் இதிலேயே விழுந்துட்டேன். கிடைச்சது 160 வருஷக் கதை. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம கடலூர் மாவட்டத்தில் நடந்திருக்கு.

இந்தக் கதை நெடுக சர்க்கரை வருது. கரும்பாலை இருக்கிற ஊர் வழியா பஸ்ல போனவங்களுக்கு அந்த வாடை தெரியும். பாதி வெல்லம், பாதி அழுகல். அந்த அழுகல் பாதிதான் இன்னைக்கு நம்ம விஷயம்.

1856. பிரான்சில் லீல் நகரம். அங்கே பீகோ என்ற ஆலை முதலாளி சர்க்கரைக் கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். பீட்ரூட்டின் சொந்தக்காரக் கிழங்கு அது. ஐரோப்பாவின் கரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சில தொட்டிகளில் சாராயம் வராமல் புளித்துப் போனது. உள்ளூர்க் கல்லூரியில் வேதியியல் ஆசிரியராக இருந்த லூயி பாஸ்டரிடம் உதவி கேட்டார். அங்கே ஆரம்பித்த நொதித்தல் ஆராய்ச்சி பாஸ்டரை வேறு வேறு திசைகளுக்குக் கூட்டிப்போனது. 1861-ல் அவர் ஒரு விநோதத்தைப் பார்த்தார். பியூட்ரிக் அமிலம், அதாவது கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமான அமிலம், உருவாகிற நொதித்தலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, துளியின் நடுவில் இருந்த கிருமிகள் துள்ளிக்கொண்டிருந்தன. ஓரத்தில், காற்று படுகிற இடத்தில் இருந்தவை அசையாமல் கிடந்தன. காற்று அவற்றுக்கு எமன்.

ஆக்சிஜன் இல்லாமலும் உயிர் வாழும் என்று சொன்னது அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல். அந்த நொதித்தலில் வெளிவந்த வாயு கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் கலந்தது. பாஸ்டருக்கு அந்த ஹைட்ரஜன் பெரிதாகப் படவில்லை. அவர் தேடிக்கொண்டிருந்தது உயிரின் ரகசியம். எரிபொருளுக்கு நிலக்கரி இருந்தது.

பாக்டீரியா ஏன் ஹைட்ரஜன் விடணும்? நமக்கு உதவி பண்ணவா? இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியை நினைச்சுப் பாருங்க. ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்தாச்சு. அடுத்த பந்தி உட்காரணும்னா முதலில் எச்சில் இலையை எடுக்கணும். எடுக்க ஆள் இல்லைன்னா, சமையல்கட்டில் எவ்வளவு சாப்பாடு இருந்தாலும் பந்தி நின்னு போகும். உயிரணுவுக்குள்ளும் இதேதான். சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்கும்போது எலக்ட்ரான்கள் மிச்சமாகின்றன. அவைதான் எச்சில் இலை. நமக்கு அதை எடுத்துப் போகிற ஆள் ஆக்சிஜன். அதுக்காகத்தான் மூச்சே விடுகிறோம். காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாவுக்கு அந்த ஆள் இல்லை. அதனால் அது தண்ணீரில் இருக்கிற புரோட்டான்களின் தலையில் எலக்ட்ரான்களைக் கட்டி வெளியே தள்ளுகிறது. புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்தால் ஹைட்ரஜன். நாம எரிபொருள்னு சொல்றது அதுக்கு எறிந்த இலை.

இந்த உவமையை மறந்துடாதீங்க, திரும்பி வருவேன்.

அந்த இலையை எடுக்கிற கையைக் கண்டுபிடித்தவர் மார்ஜரி ஸ்டீபன்சன். இந்த மூணு வாரத்தில் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போனவர் இவர்தான்.

1885-ல் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பர்வெல் என்ற கிராமத்தில் விவசாயி மகளாகப் பிறந்தார். 1903-ல் கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரியில் சேர்ந்தார். படிக்கலாம், பரீட்சை எழுதலாம். ஆனால் பெண் என்பதால் முழுப் பட்டம் கிடையாது. பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்துக்குள் போக முடியாது என்பதால் நியூனம் பெண்களுக்குத் தனி ஆய்வகமே வைத்திருந்தது. டாக்டராக ஆசைப்பட்டார், பணம் இல்லை. மனையியல் டீச்சர் ஆனார். முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து பிரான்சிலும் சலோனிகாவிலும் வேலை பார்த்தார். போர் முடிந்த பிறகுதான் கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ் நடத்திய உயிர்வேதியியல் துறைக்குள் வந்தார். ஹாப்கின்ஸ் பெண்களுக்கு இடம் கொடுத்தவர். அன்றைக்கு அது அபூர்வம்.

அப்போது மற்றவர்களுக்குப் பாக்டீரியா என்றால் நோய். ஸ்டீபன்சன் அதைச் சமையல்கட்டாகப் பார்த்தார்: உள்ளே என்ன போகுது, என்ன வருது, நடுவில் என்ன நடக்குது. 1930-ல் 'பாக்டீரியல் மெட்டபாலிசம்' என்ற புத்தகத்தை எழுதினார். அந்தத் துறைக்குப் பல வருஷம் அதுதான் பாடநூல்.

அந்தச் சமயத்தில்தான் ஊஸ் ஆறு நொதித்தது. ஆமாம், ஆறே நொதித்தது. கேம்பிரிட்ஜுக்கு வடக்கே ஓடும் அந்த ஆற்றில் சர்க்கரைக் கிழங்கு ஆலையின் கழிவு வந்து கலந்தது. நம்ம ஊர் அரவைப் பருவம் மாதிரி அந்த ஆலைகளுக்கும் சில மாதங்கள்தான் வேலை. அந்த மாதங்களில் கழிவு வெள்ளமாக வரும். தண்ணீர் குமிழிட்டு வாயு விட்டது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஸ்டீபன்சன் அந்தத் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்.

அவரும் அவருடைய சக ஆய்வாளர் லெனார்ட் ஸ்டிக்லாண்டும் செய்த சோதனை பள்ளிக்கூட லேபில் செய்கிற அளவுக்கு எளிமையாகத் தெரியும். மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம். எலக்ட்ரான் கிடைத்தால் அதன் நிறம் போய்விடும். பாக்டீரியாவையும் சாயத்தையும் காற்றில்லாத குழாயில் வைத்து, உள்ளே ஹைட்ரஜன் வாயுவை நிரப்பினார்கள். நீலம் வெளுத்தது. அதாவது பாக்டீரியாவுக்குள் ஏதோ ஒன்று, சும்மா மிதக்கிற ஹைட்ரஜனைப் பிடித்துப் பிரித்து எலக்ட்ரானைச் சாயத்துக்குக் கொடுக்கிறது. 1931-ல் அந்த நொதிக்குப் பெயர் வைத்தார்கள்: ஹைட்ரஜனேஸ். அது இரண்டு திசையிலும் வேலை செய்யும். ஹைட்ரஜனை உடைக்கும், உருவாக்கவும் செய்யும். அடுத்த இரண்டு வருஷத்தில் இன்னொன்றையும் காட்டினார்கள். அதே ஆற்றிலிருந்து எடுத்த வேறொரு நுண்ணுயிர், ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் விடுகிறது.

ஹைட்ரஜனைச் செய்கிறவன், ஹைட்ரஜனைத் தின்கிறவன். இரண்டு பேரும் ஒரே ஆற்று அழுக்கில். என் நண்பனின் பதினெட்டு ஸ்லைடுக்கும் வரப்போகிற சோதனை 1933-லேயே காகிதத்தில் ஏறிவிட்டது.

ஸ்டீபன்சன் 1945-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அதன் 300 வருஷ வரலாற்றுக்குக் கிட்டே வந்த பிறகு முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட இரண்டு பெண்களில் ஒருவர். இன்னொருவர் கேத்லீன் லான்ஸ்டேல். 1948 டிசம்பரில் இறந்தார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததும் அதே 1948-ல்தான்.

ஒரு சின்னக் கிளைக்கதை. ஸ்டீபன்சன் வேலை பார்த்த அதே துறையில் ஜே.பி.எஸ். ஹால்டேன் இருந்தார். 1923-ல் அவர் கேம்பிரிட்ஜில் ஒரு சொற்பொழிவில், நிலக்கரி தீர்ந்த பிறகு காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனைத் திரவமாக்கிப் பெரிய தொட்டிகளில் சேமிப்பார்கள் என்று சொன்னார். நானூறு வருஷம் கழித்து நடக்கும் என்பது அவர் கணக்கு. பின்னாளில் இந்தியாவுக்கே வந்து குடியுரிமை வாங்கி புவனேஸ்வரில் இறந்தவர். ஹைட்ரஜன் எதிர்காலத்தைக் கனவு கண்டவரும், அதைச் செய்யும் நொதியைக் கண்டுபிடித்தவரும் ஒரே துறையில். இரண்டையும் சேர்த்து யாரும் பேசிய மாதிரி தெரியவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் டீ கடையில் வைத்துச் சேர்த்துவிட்டிருப்பேன்.

இப்போ கொஞ்சம் பின்னால் போகணும், ஏன்னா பாக்டீரியா ஹைட்ரஜன் ஏற்கெனவே தொழிற்சாலைக்குள் போயிருந்தது, யாரும் கேட்காமலே.

முதல் உலகப் போர். பிரிட்டனுக்கு கார்டைட் வெடிமருந்து செய்ய அசிட்டோன் தேவை, கையிருப்பு இல்லை. மான்செஸ்டரில் இருந்த சைம் வைஸ்மேன் என்ற வேதியியலாளர், பின்னாளில் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி, மாவுச்சத்தை அசிட்டோனாகவும் பியூட்டனாலாகவும் மாற்றும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருந்தார். கிளாஸ்ட்ரிடியம் வகை. பாஸ்டர் பார்த்ததன் சொந்தக்காரன். லண்டனில் ஒரு ஜின் ஆலையில் சோதித்து, பிறகு பெரிய தொட்டிகளுக்குப் போனார்கள். தானியம் தட்டுப்பாடானபோது, 1917-ல் பள்ளிப் பிள்ளைகளை ஹார்ஸ் செஸ்ட்நட் காய் பொறுக்கிவரச் சொன்னது அரசு. எதற்கு என்று சொல்லவில்லை, போர் ரகசியம். மூட்டை மூட்டையாகப் பொறுக்கினார்கள். ரயில் நிலையங்களில் குவிந்து அழுகியதுதான் மிச்சம். கிங்ஸ் லின் ஆலையில் அந்தக் காயிலிருந்து அசிட்டோன் சொல்லிக்கொள்கிற மாதிரி வரவே இல்லை.

போர் முடிந்ததும் இந்தத் தொழில் அமெரிக்காவின் சோள வயல்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. கமர்ஷியல் சால்வென்ட்ஸ் என்ற கம்பெனி. தொட்டிகளிலிருந்து வாயு பொங்கிக்கொண்டே இருந்தது: ஏறக்குறைய 60 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 40 சதவீதம் ஹைட்ரஜன். 1927 வாக்கில் இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில், அந்த இரண்டையும் சேர்த்து மெத்தனால் செய்ய ஆரம்பித்தார்கள். பாக்டீரியா விட்ட ஹைட்ரஜன் வணிக அளவில் காசானது அங்கேதான். ஆனால் கவனியுங்க: ஹைட்ரஜனுக்காக யாரும் அந்தத் தொட்டியைக் கட்டவில்லை. பியூட்டனால் விற்ற காசில் தொட்டி ஓடியது, ஹைட்ரஜன் கொசுறு. பிறகு பெட்ரோலியம் மலிவாக வந்ததும் தொட்டிகள் மூடப்பட்டன. கொசுறும் போச்சு.

1973-ல் எண்ணெய் விலை ஏறியது. உலகம் முழுக்க ஆய்வகங்கள் பழைய நோட்டுகளைத் தூசி தட்டின. ஜப்பானுக்குச் சொந்தமாக எண்ணெய் இல்லை. பயம் அங்கே அதிகம். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் சுசுகி ஷூயிச்சி, கருபே இசாவ் குழு, கிளாஸ்ட்ரிடியம் பியூட்ரிகம் பாக்டீரியாவை ஒரு ஜெல்லுக்குள் சிறைவைத்தது. வெறும் தண்ணீரில் மிதந்தால் கழிவுநீரோடு பாக்டீரியாவும் அடித்துக்கொண்டு போய்விடும். ஜெல்லுக்குள் இருந்தால் தண்ணீர் போகும், பாக்டீரியா தங்கும். 1976-ல் தொடர்ச்சியாக ஹைட்ரஜன் எடுத்துக் காட்டினார்கள். அடுத்து, சாராய ஆலைக் கழிவுநீரையே ஊற்றி, வந்த ஹைட்ரஜனை எரிபொருள் மின்கலத்தில் கொடுத்து மின்சாரம் எடுத்தார்கள். சாராய ஆலைக் கழிவு, பாக்டீரியா, ஹைட்ரஜன், மின்சாரம்: ஸ்லைடு 7-ல் என் நண்பன் வரைந்திருந்த அதே நாலு பெட்டி, அதே அம்புக்குறிகள். அவன் பிறக்கிறதுக்கு இருபது வருஷம் முன்னாடி.

அதே குழு இன்னொன்றும் செய்தது. தண்ணீரில் எவ்வளவு அழுக்கு என்று நுண்ணுயிரை வைத்தே அளக்கும் சென்சார். கடைக்கு வந்தது அந்த சென்சார்தான்.

ஏன் அந்த மின்சாரம் வரவில்லை? இதுக்குப் பதில் 1977-ல் ஜெர்மனியிலிருந்து வந்தது. ரூடால்ஃப் தவர் என்ற நுண்ணுயிரியலாளரும் இரண்டு சகாக்களும் காற்றில்லா பாக்டீரியாக்களின் வரவுசெலவுக் கணக்கை முழுசாக எழுதினார்கள். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலும் அதோடு சேரும் தண்ணீரிலும் இருந்து, தத்துவப்படி 12 ஹைட்ரஜன் மூலக்கூறு எடுக்கலாம். இருட்டில் நொதிக்கிற பாக்டீரியா அதிகபட்சம் 4 தான் கொடுக்கும். மீதியை அசிட்டிக் அமிலமாக விட்டுவிடும். பியூட்ரிக் அமில வழியில் போனால் 2 தான். இது இன்ஜினியரிங் பிரச்சினை இல்லை, பம்ப்பை மாற்றினால் தீராது. அசிட்டிக் அமிலத்தை மேற்கொண்டு உடைத்து ஹைட்ரஜன் எடுக்க பாக்டீரியாவுக்குச் சக்தி கைக்காசாகச் செலவாகும். அது ஏன் செய்யப்போகுது? அதுக்கு இலையை எடுக்கணும், அவ்வளவுதான்.

இப்போ பந்திக்குத் திரும்புவோம். எறிந்த இலை மண்டபத்துக்கு வெளியே குவிஞ்சுகிட்டே போனா என்ன ஆகும்? வழி அடைச்சுக்கும், உள்ளே இருக்கிற இலையை எறிய முடியாது. ஹைட்ரஜன் தொட்டியில் சேர்ந்தாலும் அப்படித்தான், நொதித்தல் மந்தமாகும். இயற்கையில் வெளியே மாடு நிக்குது. இலையைத் தின்னுட்டே இருக்கும், வழி திறந்தே இருக்கும். அந்த மாடுதான் மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்.

இந்த உறவு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஒரு கதை. 1940-ல் எச்.ஏ. பார்க்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சாராயத்தைத் தின்று மீத்தேன் விடும் ஒரு நுண்ணுயிரைத் தனியாகப் பிரித்துவிட்டதாக அறிவித்தார். அதை வைத்து எத்தனையோ பேர் ஆராய்ச்சி செய்தார்கள். 1967-ல் பிரையன்ட், வோலின், வுல்ஃப் ஆகியோர் கண்டுபிடித்தார்கள்: அது ஒரு உயிர் இல்லை, இரண்டு. ஒன்று சாராயத்தை உடைத்து ஹைட்ரஜன் விடுகிறது, மற்றொன்று அதைத் தின்று மீத்தேன் விடுகிறது. இருபத்தேழு வருஷம் ஒரே ஆளாக நடித்த ஜோடி! ஒருத்தரைப் பிரித்தால் மற்றவருக்குச் சாராயத்தில் பிழைப்பு இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில் நாம் போய், இலை எங்களுக்கு வேணும், மாட்டை விரட்டுங்கன்னு நிக்கிறோம்.

விரட்ட வழி இருக்கு. சாணிக் கரைசலையோ சாக்கடைச் சேற்றையோ கொதிக்க வைப்பது ஒன்று. கிளாஸ்ட்ரிடியம் ஸ்போர் என்ற கவசத்துக்குள் புகுந்து பிழைத்துக்கொள்ளும், மீத்தேன்காரன் செத்துப்போவான். தொட்டியைப் புளிப்பாக வைப்பது, தண்ணீரைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றி அவன் வளரவே நேரம் கொடுக்காமல் இருப்பது, இவையும் உண்டு. ஆய்வகக் குடுவையில் எல்லாம் அழகாக நடக்கும். ஆனால் ஆலைக் கழிவுநீர் கொதிக்க வைத்துச் சுத்தமாக வருவதில்லை. ஒவ்வொரு லோடிலும் புதுசா மாடு வரும்.

சரி, நெல்லிக்குப்பம். பண்ருட்டிக்கும் கடலூருக்கும் நடுவில் இருக்கிற ஊர். அங்கே 1842-ல் இருந்து பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இருக்கிறது. இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். ஈ.ஐ.டி. பாரி 1981-ல் முருகப்பா குழுமத்துக்கு வந்தது. அந்தக் குழுமத்தின் பெயரில் சென்னை தரமணியில் ஏ.எம்.எம். முருகப்ப செட்டியார் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே வத்சலா என்ற ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்காக ஹைட்ரஜன் பாக்டீரியாவோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார். குடுவையில் ஆரம்பித்து, படிப்படியாகப் பெரிசாக்கி, நெல்லிக்குப்பத்தில் சாராய ஆலைக் கழிவுக்கு ஒரு பெரிய தொட்டி வரைக்கும் கொண்டுபோனார்கள். 2008-ல் அவரும் மோகன்ராஜ், மணிமாறன் என்ற இரண்டு சகாக்களும் ஒரு சர்வதேச ஹைட்ரஜன் ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள்.

தொட்டி 100 கன மீட்டர். அதாவது ஒரு லட்சம் லிட்டர். நம்ம தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடுக்குக் கொஞ்சம் மேல். சேற்றில் கிடைத்ததை எல்லாம் விடாமல், மூன்று வகை பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்துக் கூட்டணியாக விட்டார்கள். சுமார் 40 மணி நேரத்தில் கிடைத்த ஹைட்ரஜன் 21.38 கிலோ.

இந்த எண்ணைப் பார்த்துட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். ஏன்னா அந்தக் காலத்தில் உலகின் பெரும்பாலான கட்டுரைகள் லிட்டரிலும் மில்லி லிட்டரிலும் பேசிக்கொண்டிருந்தன. சீனாவின் ஹார்பினில் ரென் நான்ச்சி குழு மொலாசஸை வைத்து 200 நாளுக்கு மேல் தொடர்ந்து ஓட்டிய புகழ்பெற்ற பைலட் ரியாக்டரின் அளவு 1.48 கன மீட்டர். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் தேபப்ரத தாஸ் குழு செய்த வேலை உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் ஒரு லட்சம் லிட்டர் தொட்டி கரும்புக் காட்டு நடுவில். 'இந்தியாவில் முதன்முறையாக'ன்னு ஸ்லைடு போட்டவனும் கடலூர் மாவட்டத்துக்காரன்தான். அவனுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை.

இப்போ எண்ணைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம், இங்கேதான் என் பணம் நிக்குது. தொட்டிக்குள் போன சர்க்கரை, அவர்கள் கொடுத்த மோல் கணக்கைக் கிலோவாக்கினால், ஏறக்குறைய 695 கிலோ. அதிலிருந்து 12 மூலக்கூறு கணக்கில் கிடைத்திருக்க வேண்டியது 92 கிலோவுக்கு மேல். தவர் கணக்கின் 4 மூலக்கூறு உச்சவரம்பில் 31 கிலோ. கிடைத்தது 21. அதாவது பாக்டீரியா கொடுக்கக்கூடியதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள். அந்த அளவு தொட்டிக்கு இது அபாரமான வேலை. இதுக்கு மேல் முட்டினாலும் இன்னும் பத்து கிலோதான் மிச்சம்.

அந்த 21 கிலோவின் மதிப்பு என்ன? ஒரு கிலோ ஹைட்ரஜனில் சுமார் 33 யூனிட் சக்தி. மொத்தம் 700 யூனிட் சொச்சம். எரிபொருள் மின்கலத்தில் பாதி வீணாகும். கையில் 350 யூனிட். அல்லது டொயோட்டா மிராய் காரின் முதல் மாடலுக்கு நாலு முறை டாங்க் நிரப்பலாம். எட்டு லாரிக்கு மேல் கழிவுநீருக்கு, நாலு டாங்க். அதுவும் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, சுத்தப்படுத்தி, அழுத்தி அடைத்த பிறகு.

சரி, ஹைட்ரஜன் எடுத்த பிறகு தண்ணீர்? அது இன்னும் அழுக்குத்தான். சர்க்கரை போய் அமிலம் வந்திருக்கு, அந்தக் காப்பி நிறம் அப்படியே இருக்கு. எப்படியும் மீத்தேன் தொட்டிக்கோ வேறு சுத்திகரிப்புக்கோ போகணும். அதனால்தான் இந்தத் துறையில் ரொம்ப நாளாக இருப்பவர்கள் இரண்டு கட்டமாகப் பேசுகிறார்கள்: முதல் தொட்டியில் ஹைட்ரஜன், மிச்சத்தை அடுத்த தொட்டியில் மாட்டுக்குக் கொடுத்து மீத்தேன். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் அப்படிச் செய்தால் முதலீட்டாளர் கேட்பார்: அந்த முதல் தொட்டி எதுக்குங்க, எல்லாத்தையும் மீத்தேனாவே எடுத்துடலாமே?

மிச்சத்தை மின்சாரத்தின் உதவியோடு பிடுங்கப் பார்த்தவர்களும் உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழு 2005-ல், பாக்டீரியாவுக்குச் சின்னதாக ஒரு மின் உந்துதல் கொடுத்தால் அசிட்டிக் அமிலத்திலிருந்தும் ஹைட்ரஜன் விடும் என்று காட்டியது. தவர் சொன்ன கைக்காசை மின்சாரமாக நாமே கொடுக்கிற ஏற்பாடு. பிரமாதமான யோசனை. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஒரு ஒயின் ஆலையில் 1,000 லிட்டர் அளவில் வைத்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. வெளிவந்த வாயுவில் 86 சதவீதம் வரை மீத்தேன். மாடு அங்கேயும் வந்துவிட்டது. தோல்வியை அப்படியே கட்டுரையாக எழுதிப் போட்டார்களே, அதற்கு அவர்களுக்கு ஒரு சல்யூட்.

2023 ஜனவரியில் இந்திய அரசு தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த வரையறையில், உயிர்க்கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜனும் பசுமைதான். ஒரு கிலோவுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். என் நண்பனின் ஸ்லைடு 12 முழுக்க இதுதான். ஆனால் பெரும் பணம் சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசருக்குப் போகிறது. ஹால்டேன் கட்சி.

போன ஞாயிற்றுக்கிழமை அவனை நேரில் பார்த்தேன். மூணு மணி நேரம் பேசினோம். நெல்லிக்குப்பம் கட்டுரையைக் காட்டினதும் முதலில் முகம் விழுந்துபோச்சு. அப்புறம் அவனே பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பிச்சான். மாட்டை எப்படி விரட்டுவேன்னு கேட்டதுக்குப் பதில் வச்சிருந்தான், மோசமான பதில் இல்லை. அமிலத் தண்ணீரை என்ன பண்ணுவேன்னு கேட்டதுக்கும் இரண்டாவது தொட்டின்னு சொன்னான். சிக்கினது வேற இடத்தில். அவன் எக்செல் ஷீட்டில் கழிவுநீருக்கு விலை பூஜ்யம். சும்மா கிடக்குது, எடுத்துக்கலாம். இன்னைக்கு நிலைமை அப்படி இல்லை. ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாதுன்னு மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, பல சாராய ஆலைகள் கழிவுநீரைச் சுண்டக் காய்ச்சி, தனி பாய்லரில் எரித்து நீராவி எடுக்கின்றன. அவர்களுக்கு அது எரிபொருள். சில இடங்களில் மீத்தேன் தொட்டி ஏற்கெனவே ஓடுது. 'எங்க பாய்லருக்குப் போற சரக்கை உனக்கு எதுக்குத் தரணும், எவ்வளவு தருவே?'ன்னு ஆலைக்காரர் கேட்பார்.

அவன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப அந்த ரூல் இன்னும் பிடிக்காத சின்ன ஆலைங்க இருக்கும்ல மச்சான், ஜவ்வரிசி ஆலை, பால் பண்ணை, அந்தக் கழிவு?"ன்னான். நல்ல கேள்வி. சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளின் மாவுத் தண்ணீர் இருக்கு. அங்கேயும் மீத்தேன் தொட்டி போட்டவங்க இருக்காங்க. அடுத்த வாரம் இரண்டு பேரும் பைக்கில் போய்ப் பார்க்கலாம்னு இருக்கோம். ஒவ்வொரு ஆலையிலும் அஞ்சு லிட்டர் கேன்ல மாதிரி எடுத்து, முதல்ல சர்க்கரை எவ்வளவுன்னு அளக்கணும்.

நேத்து ராத்திரி மெசேஜ் அனுப்பினான். ஸ்லைடு 4-ல் இருந்த 'முதன்முறையாக'வை எடுத்துட்டானாம். அந்த இடத்தில் மார்ஜரி ஸ்டீபன்சன் போட்டோ போட்டிருக்கான். பணம் பத்தி நாங்க இன்னும் பேசலை.